‘தி டெட்’ கதையில் பிணம் தேடினேன்: டிசம்பர் கொலைகளிலிருந்து ஜனவரி இலக்கியத்துக்கு எப்படி மாறுவது?

கடைசிப்பக்கம் கேட்கிறார்:

இங்கே வந்தால் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுகிற ஆள் நான். இந்த முறை கேட்டே ஆக வேண்டும் என்று வந்திருக்கிறேன்.

குளிர்காலப் படிப்பில் எனக்கு ஓர் ஒழுங்கு உண்டு. டிசம்பர் முழுக்கக் கொலை. ஜனவரி பிறந்ததும் இலக்கியம். டிசம்பர் பாதி பிரமாதமாகப் போகும். கிறிஸ்துமஸுக்குக் கூடும் குடும்பம், பெரிய மாளிகை, உயிலை மாற்றப்போவதாக மிரட்டும் கிழவர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கச் சகிக்காத வாரிசுகள், வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. கிழவர் எத்தனையாவது அத்தியாயத்தில் சாவார் என்று எனக்குள்ளேயே பந்தயம் கட்டிக்கொள்வேன்.

பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கும். அதில் மூன்று கட்டம்: ஆள், அப்போது எங்கே இருந்தார், பொய் சொல்கிறாரா. கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு பெயரைப் பென்சிலால் சுழித்த பிறகுதான் மேலே படிப்பேன். பத்துக்கு மூன்று தேறும்.

இந்த டிசம்பரின் கணக்கு நாலு. முதலில் எப்போதும் ஷெர்லாக் ஹோம்ஸின் ‘ப்ளூ கார்பங்கிள்’. எனக்கு அது பிள்ளையார் சுழி மாதிரி. கிறிஸ்துமஸ் வாத்துக்குள் திருட்டு நீலக்கல். கதை நடப்பது பண்டிகைக்கு இரண்டாம் நாள் காலையில், ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் வந்தது 1892 ஜனவரியில். அப்புறம் மேவிஸ் டோரியல் ஹே 1936இல் எழுதிய ‘தி சாண்டா கிளாஸ் மர்டர்’. அதில் தொடக்க அத்தியாயங்களை ஆளுக்கொருவராகச் சொல்கிறார்கள். யார் யாருக்கு என்ன உறவு என்று வம்சாவளி வரைந்தே பாதி நோட்டு தீர்ந்தது.

மூன்றாவது, ஜெஃபர்சன் ஃபார்ஜனின் ‘மிஸ்டரி இன் ஒயிட்’, 1937. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ரயில் பனியில் சிக்கி நின்றுவிடுகிறது. சிலர் இறங்கி நடந்து, வழி தவறி, ஒரு வீட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். கணப்பில் தீ எரிகிறது, கெட்டில் கொதிக்கிறது, மேசையில் தேநீருக்கு எல்லாம் எடுத்து வைத்திருக்கிறது. வீட்டில் ஒருவரும் இல்லை. அந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு முதுகு சில்லிடும். பிற்பாதி அந்த அளவுக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் 2014இல் பிரிட்டிஷ் லைப்ரரி மறுபதிப்பாகக் கொண்டுவந்தபோது, மறந்துபோன அந்தப் புத்தகம் சக்கைப்போடு போட்டது.

கடைசியாக அகதா கிறிஸ்டியின் ‘ஹெர்க்யூல் புவாரோஸ் கிறிஸ்துமஸ்’, 1938. உன் கொலைகள் வரவர ரத்தசோகை பிடித்ததுபோல் இருக்கின்றன, நன்றாக ரத்தம் ஓடுகிற ஒரு கொலை எழுதேன் என்று அவருடைய அக்கா கணவர் குறைப்பட்டாராம். இந்தாருங்கள் என்று சமர்ப்பணப் பக்கத்திலேயே அவருக்குப் பதில் சொல்லித்தான் தொடங்குகிறார் கிறிஸ்டி. நான்கில் இதுதான் நட்டும் போல்ட்டும் கச்சிதமாக முறுக்கிய கதை. நான் சுழித்த பெயர் தப்பு. வழக்கம்போல.

சரி, ஜனவரி. ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பில் கடைசிக் கதையான ‘தி டெட்’டை எடுத்தேன். குளிர்காலம், பண்டிகை விருந்து, பனி, வயதான இரண்டு அத்தைகள். தலைப்பே ‘இறந்தவர்கள்’. கை தானாக நோட்டை எடுத்துவிட்டது. நான் எழுதி வைத்ததை அப்படியே தருகிறேன், சிரித்துக்கொள்ளுங்கள்.

லிலி, வீட்டு வேலை செய்யும் பெண். ஆண்களைப் பற்றிக் கேட்டால் வெடுக்கென்று பேசுகிறாள். ஏன்?

ஃப்ரெடி மாலின்ஸ். குடித்துவிட்டு வருவாரோ என்று அத்தைகள் பயப்படுகிறார்கள். முதல் சந்தேகம்.

மிஸ் ஐவர்ஸ். சாப்பிடாமலே அவசரமாகக் கிளம்பிவிட்டார். எங்கே போனார்?

கேப்ரியல். காலணிக்கு மேல் ரப்பர் உறை. அதில் பனி. ஈரமா, காய்ந்ததா? எத்தனை மணிப் பனி?

சாப்பாட்டு மேசையில் சவப்பெட்டிக்குள் தூங்கும் துறவிகளைப் பற்றிப் பேச்சு. சவப்பெட்டி!!

கேப்ரியல் வாத்து வெட்டுகிறார். கத்தி அவரிடம்தான்.

கிரெட்டா, கேப்ரியலின் மனைவி. படிக்கட்டில் இருட்டில் நிற்கிறார். மேலே யாரோ பாடுவதைக் கேட்கிறார். வழக்குக்குத் தேவையில்லை.

கதையைப் படித்தவர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். முழுக் கதையும் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. அதைத்தான் நான் ‘தேவையில்லை’ என்று எழுதியிருக்கிறேன். கடைசிப் பக்கம் முடிந்ததும் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன், பின்னட்டைதான் இருந்தது. என்னமோ நடந்துவிட்டது, நான் அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன் என்று மட்டும் புரிந்தது.

இது முதல் முறையும் இல்லை. போன ஜனவரியில் கவபாட்டாவின் ‘ஸ்னோ கன்ட்ரி’. தொடக்கத்தில் ரயில் ஜன்னல் கண்ணாடியில் ஒரு பெண்ணின் முகம் தெரியும். வெளியே மலையில் எரியும் ஒரு விளக்கு அந்த முகத்தின் கண்ணுக்குள் புகுந்து போகும். எவ்வளவு அழகான இடம்! நான் என்ன எழுதியிருக்கிறேன் தெரியுமா? ‘கூட வரும் நோயாளி யார்? இவளுக்கு என்ன லாபம்?’

கேள்வி இதுதான். இரண்டுக்கும் நடுவில் பாலமாகப் படிக்க என்ன இருக்கிறது? குளிர்காலக் கதையாக இருக்க வேண்டும், மெல்ல மெல்ல என்னைக் கொலையிலிருந்து இறக்கிவிட வேண்டும். இல்லை, நோட்டைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிடுவதுதான் வழியா?

*

பழுப்புத்தாள்:

நோட்டைப் போடாதீர்கள். அது நல்ல நோட்டு. படிக்கட்டு வரியை எழுதி வைத்திருக்கிறீர்கள் பாருங்கள், பலர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

பாலம் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது சிமெனோன். ‘மெக்ரேயின் கிறிஸ்துமஸ்’ என்று நீளமான சிறுகதை ஒன்று, 1951இல் வந்தது. கிறிஸ்துமஸ் காலை, பாரிஸ், ரிஷார் லெனுவார் சாலையில் துப்பறியும் போலீஸ் அதிகாரி மெக்ரேயின் வீடு. அன்று அவருக்கு விடுமுறை. எதிர்வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் தெருவைக் கடந்து வருவதை ஜன்னல் வழியாகப் பார்க்கிறார். அந்த வீட்டில் கால் முறிந்து படுத்திருக்கும் ஒரு சிறுமி, ராத்திரி கிறிஸ்துமஸ் தாத்தா என் அறைக்கு வந்தார் என்கிறாள். வந்தவர் தரைப் பலகையைப் பெயர்த்துக்கொண்டிருந்தாராம், ஒரு பொம்மையும் கொடுத்தாராம். பொம்மை கையில் இருக்கிறது, ஆகவே கனவு இல்லை.

வழக்கு நல்ல வழக்குதான். ஆனால் நீங்கள் மெக்ரேயின் மனைவியைக் கவனியுங்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. எதிர்வீட்டில் ஒரு குழந்தை. அந்தப் பெண்மணி என்ன கேட்கிறார், எதைக் கேட்காமல் விடுகிறார் என்று உங்கள் நோட்டில் தனியாக ஒரு கட்டம் போட்டு எழுதிவாருங்கள். மெக்ரே பெரும்பாலும் வீட்டிலேயே உட்கார்ந்து போனிலேயே வழக்கை நடத்துவதால், மனைவி பக்கத்திலேயே இருக்கிறார். கொலைக் கதை என்று நம்பிப் படித்துக்கொண்டே போய், கடைசியில் நீங்கள் வேறு ஏதோ ஒன்றைப் படித்து முடித்திருப்பீர்கள்.

இரண்டாவது, சிரில் ஹேரின் ‘அன் இங்கிலீஷ் மர்டர்’, அதுவும் 1951. உங்களுக்குப் பிடித்த எல்லாம் உண்டு: பனி சூழ்ந்த மாளிகை, சாகக் கிடக்கும் பிரபு, கிறிஸ்துமஸ் விருந்தாளிகள். ஆனால் துப்பறிபவர் ஐரோப்பாவிலிருந்து அகதியாக வந்த ஒரு வரலாற்று ஆசிரியர், பாட்விங்க். பிரபுவின் மகனோ யூத வெறுப்பைக் கக்குகிற இயக்கம் நடத்துபவன். கொலைக்கான காரணம் அந்த நாட்டின் அரசியல் அமைப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அந்நியர் ஒருவர் அந்த வீட்டை எப்படிப் பார்க்கிறார் என்பதுதான் எனக்குக் கொலையைவிடப் பிடித்தது.

மூன்றாவதாக, ரசனையைப் பொறுத்து, டோரதி சேயர்ஸின் ‘தி நைன் டெய்லர்ஸ்’, 1934. புத்தாண்டுக்கு முந்தைய இரவு, பனியில் கார் சாக்கடைக்குள் இறங்கிவிடுகிறது. துப்பறிபவர் பக்கத்து ஊர்த் தேவாலயப் பாதிரியாரின் வீட்டில் ஒதுங்குகிறார். மணியடிக்க வேண்டியவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக இவர் விடிய விடிய ஒன்பது மணிநேரம் மணி அடிக்கிறார். பிணம் வர வெகுநேரம் ஆகும். அந்தக் காத்திருப்பே உங்களுக்குப் பயிற்சி.

*

எதிர்க்கட்சி:

மன்னிக்கவும், ‘நைன் டெய்லர்ஸ்’ எல்லாம் தண்டனை. 1945 ஜனவரியில் ‘நியூ யார்க்கர்’ இதழில் விமர்சகர் எட்மண்ட் வில்சன் துப்பறியும் கதைகளையே மொத்தமாகப் போட்டுத் தாக்கினார். அதில் அதிகமாக அடி வாங்கியது இந்தப் புத்தகம்தான், தான் படித்தவற்றிலேயே மிகவும் சலிப்பூட்டியவற்றில் ஒன்று என்று. மணியடிப்பு விவரத்தையெல்லாம் தாண்டித் தாண்டிப் படித்ததாக அவரே ஒப்புக்கொள்கிறார். நான் அவர் கட்சி.

ஆனால் கேட்டவரிடம் எனக்கு வேறு சண்டை. ஜனவரியில் இலக்கியம்தான் படிக்க வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? டிசம்பரில் பாவம், ஜனவரியில் பரிகாரமா? இலக்கியத்தை இப்படி விரதம் மாதிரி இருந்தால் பசிதான் எடுக்கும்.

ஒவ்வொரு வருடமும் ‘ப்ளூ கார்பங்கிள்’ படிக்கிறேன் என்கிறீர்கள். அந்தத் தொப்பியை ஒரு தடவையாவது நிதானமாகப் பார்த்தீர்களா? ஹென்றி பேக்கர் தெருவில் தவறவிட்ட பழைய தொப்பி. ஹோம்ஸ் அதைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறார்: அதில் படிந்திருப்பது தெருவின் சாம்பல் நிறப் புழுதி இல்லை, வீட்டுக்குள் படியும் பழுப்புத் தூசி. அப்படியானால் தொப்பி பெரும்பாலும் வீட்டிலேயே மாட்டிக் கிடக்கிறது, மனிதர் வெளியே போவது குறைந்துவிட்டது. வாரக்கணக்கில் யாரும் அதைத் துலக்கிக் கொடுக்கவில்லை. ஆகவே மனைவிக்கு இவர்மேல் அன்பு போய்விட்டது. பிரம்மச்சாரியாக இருக்கலாமே என்கிறார் வாட்சன். இல்லை, அந்த வாத்தின் காலில் கட்டியிருந்த அட்டையில் மனைவியின் பெயர் இருக்கிறது, சமாதானம் செய்துகொள்ள வாத்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார் என்கிறார் ஹோம்ஸ்.

ஒரு குடும்பம் உடைந்ததை ஒரு தொப்பியின் தூசியில் எழுதிவிட்டார் கானன் டாயில். அப்புறம் நீலக்கல் கிடைக்கிறது, திருடன் கிடைக்கிறான், ஹோம்ஸ் அவனை மன்னித்தும் விடுகிறார். பேக்கர் மட்டும் வேறொரு வாத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். வீட்டில் கதவு திறந்ததா என்று ஹோம்ஸும் கேட்கவில்லை, வாட்சனும் கேட்கவில்லை. நீங்களும் இத்தனை வருடமாகக் கேட்கவில்லை. உங்களுக்கு வேண்டியது வேறு புத்தகம் இல்லை.

*

கொசுறு:

அக்கா, சின்னதா குளிர்கால இலக்கியம் வேண்டுமென்றால் தஸ்தயேவ்ஸ்கியின் ‘வெண்ணிற இரவுகள்’ படியுங்கள். பனி கொட்டும் பீட்டர்ஸ்பர்க், காதல், நாலு ராத்திரியில் முடிந்துவிடும்.

*

மூக்குக்கண்ணாடி:

கொசுறு தம்பி, அதில் ஒரு பொட்டுப் பனி கிடையாது. ‘வெண்ணிற இரவு’ என்பது பனியால் வெளுத்த இரவு இல்லை. பீட்டர்ஸ்பர்க் அவ்வளவு வடக்கே இருப்பதால் ஜூன் மாதத்தில் இரவு முழுவதும் இருட்டாமல் வெளுப்பாகவே இருக்கும், அந்த இரவு. கோடைக் கதை. தலைப்பைப் பார்த்து நானும் வெகுநாள் கம்பளி போர்த்திக்கொண்டுதான் படித்தேன், பரவாயில்லை.

அசல் ரஷ்யப் பனி வேண்டுமென்றால் தல்ஸ்தோயின் ‘எஜமானனும் வேலையாளும்’, 1895. ஒரு தோப்பை மற்றவர்களுக்கு முந்தி வாங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில் வியாபாரி பனிப்புயலில் வண்டி கட்டிக்கொண்டு கிளம்புகிறான். வழி தவறி ஒரு கிராமத்துக்குள் நுழைகிறார்கள். ஊர் ஓரத்தில் கொடியில் காயப்போட்ட துணிகள் உறைந்துபோய்க் காற்றில் படபடக்கின்றன. அதில் ஒரு வெள்ளைச் சட்டை கையை வீசி வீசித் தவிக்கிறது. மறுபடி கிளம்புகிறார்கள், மறுபடி வழி தவறுகிறது, மறுபடி அதே ஊர், அதே சட்டை. பனியில் வட்டம் அடித்திருக்கிறார்கள் என்று வாசகருக்கு நெஞ்சு பதறும்.

இப்போது கேட்டவருக்கு. 1914இல் வந்த கதைக்கு முடிவைச் சொல்லிவிடாதே என்று யாரும் சண்டைக்கு வரமாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

நீங்கள் தப்பாகப் படிக்கவில்லை. ‘தி டெட்’ துப்பறியும் கதைதான். பிணம் உண்டு: மைக்கேல் ஃப்யூரி, 17 வயது, காஸ் கம்பெனியில் வேலை பார்த்த பையன். சாட்சி உண்டு: கிரெட்டா. எப்படி இறந்தான் என்ற விசாரணைகூட உண்டு, விடுதி அறையில், நடுராத்திரியில். வித்தியாசம் என்னவென்றால், துப்பறிய வேண்டிய கேப்ரியலுக்கு அப்படி ஒரு வழக்கு இருப்பதே தெரியாது. விருந்தில் தன் பேச்சு எடுபடுமா, தன்னைக் கேலி செய்கிறார்களா என்பதே அவருக்குக் கவலை. படிக்கட்டில் நிற்கும் மனைவியைப் பார்த்து, இதை ஓவியமாக வரைந்தால் என்ன தலைப்பு வைக்கலாம் என்று யோசிக்கிறார். அவள் அங்கே யாரைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என்று யோசிக்கவில்லை. நீங்களும் யோசிக்கவில்லை. கேப்ரியல் பக்கத்தில்தான் நின்றிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் நோட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ரப்பர் உறை. சரியான தடயம், தவறான காரணத்துக்காகக் குறித்திருக்கிறீர்கள். வாசலில் கேப்ரியல் காலணி உறையிலிருந்து பனியைச் சுரண்டிவிட்டு உள்ளே வருகிறார். உடம்பை அவ்வளவு ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்கிற மனிதர். மனைவியும் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்துவார், அவள் அதைச் சொல்லிச் சிரிப்பாள். சின்ன நகைச்சுவை, அடுத்த பக்கம் மறந்துவிடுவோம்.

அப்புறம் கடைசியில் கிரெட்டா சொல்கிறாள். அவள் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தைய இரவு, ஜன்னலில் பொடிக்கல் வந்து விழுகிறது. கண்ணாடி முழுக்க மழைநீர், வெளியே ஒன்றும் தெரியவில்லை. பின்பக்கமாக இறங்கி ஓடினால், தோட்டத்துக் கோடியில் அந்தப் பையன் நடுங்கிக்கொண்டு நிற்கிறான். ஏற்கெனவே நோயாளி, வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். வீட்டுக்குப் போ, மழையில் செத்துப்போவாய் என்கிறாள். எனக்கு வாழ வேண்டாம் என்கிறான். ஒரு வாரத்தில் போய்விட்டான்.

இப்போது அந்த ரப்பர் உறையை மறுபடி எடுத்துப் பாருங்கள். கால் நனையாமல் இத்தனை வருடம் கூட வாழ்ந்த மனிதர் ஒருவர், நனைந்தே செத்த பையன் ஒருவன். கேப்ரியலுக்கு அந்த இரவில் புரிந்தது அதுதான். ஜாய்ஸ் அதை மூன்றாம் பக்கத்திலேயே, உங்கள் புவாரோ கதைக்காரர்போல, எல்லார் கண்ணெதிரிலும் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பாலம் கேட்டீர்கள் இல்லையா? கிளேர் கீகனின் ‘ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்’ எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் வந்தது, 116 பக்கம்; 2022இல் புக்கர் இறுதிப் பட்டியலுக்கு வந்தபோது, அதுவரை அங்கே வந்தவற்றில் மிகச் சிறிய புத்தகம் அது. 1985, கிறிஸ்துமஸ் நெருங்குகிறது, அயர்லாந்தில் ஒரு சிறிய ஊர். நிலக்கரி விற்கும் ஃபர்லாங் கன்னியர் மடத்துக்கு லோடு இறக்கப் போகிறார். மக்தலேன் சலவைக்கூடங்கள் என்று உண்மையாகவே அந்த நாட்டில் இருந்தன. கல்யாணம் ஆகாமல் கர்ப்பமான பெண்களையும் வேறு பல பெண்களையும் அடைத்துச் சம்பளமில்லாமல் வேலை வாங்கிய இடங்கள். கடைசிச் சலவைக்கூடம் மூடப்பட்டது 1996இல், நாட்டின் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2013இல். கதையில் யார் குற்றவாளி என்று தேட வேண்டியதில்லை. ஊருக்கே தெரியும். உங்கள் நோட்டின் மூன்றாவது கட்டம் மட்டும் நிரம்பி வழியும்.

*

ஏட்டுச்சுரைக்காய்:

குளிர்கால இலக்கியத்தில் தடயம் தேடுகிறவர்கள் யாரும் ‘நெடுநல்வாடை’ பக்கம் போகவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. நக்கீரர் பாடியது, 188 அடி. ஜாய்ஸ் படிக்கிற பொறுமை இருந்தால் உரையோடு இரண்டு இரவு போதும்.

கூதிர்காலம், ஓயாத மழை. ‘மா மேயல் மறப்ப, மந்தி கூர’: விலங்குகள் மேய்ச்சலை மறந்துவிட்டன, குரங்கு குளிரில் ஒடுங்குகிறது. மலைக்கே குளிர் எடுத்ததுபோன்ற நள்ளிரவு. அரண்மனையில் ஒருத்தி தூங்காமல் கிடக்கிறாள். கட்டிலின் மேல்விதானத்தில் வரைந்திருக்கும் நிலவையும் அதை விட்டுப் பிரியாத உரோகிணியையும் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். அப்புறம் காட்சி மாறுகிறது. பாசறையில் ஒருவன், வாடைக்காற்றில் விளக்குச் சுடர் சாய, தூறலில் சில பேரோடு நடந்து, புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு போகிறான். அவனும் தூங்கவில்லை. யார் இவள், யார் இவன்? பெயர் எங்கேயும் இல்லை.

தடயம் ஒன்றே ஒன்று. கூட வருபவன் கையிலுள்ள வேலில் வேப்பந்தார் சுற்றியிருக்கிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, இது அகம் இல்லை, புறம் என்று தீர்ப்புச் சொல்கிறார் நச்சினார்க்கினியர். ஒரு வேப்பிலையை வைத்து ஆளைப் பிடித்த உரையாசிரியருக்கு ஹோம்ஸ் தொப்பி கழற்ற வேண்டாமா? துலக்காத தொப்பியாக இருந்தாலும்.

இன்னொன்று. நம் ஆட்கள் குளிரை முன்பனி, பின்பனி என்று இரண்டாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். நீங்களும் குளிரைக் கொலைக்கும் இலக்கியத்துக்குமாக இரண்டாகப் பிரித்துக்கொண்டதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. எதிர்க்கட்சியார் கோபிக்க வேண்டாம்.

*

எதிர்க்கட்சி:

வேப்பிலைக்கு நான் எதிர்க்கட்சி இல்லை.

*

கடைசிப்பக்கம்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து வருகிறேன், கொஞ்சம் வேலை நடந்திருக்கிறது.

முதலில் தொப்பி. ‘ப்ளூ கார்பங்கிள்’ மறுபடி எடுத்தேன், ஜனவரியில், விரதம் கலைத்து. எதிர்க்கட்சியார் சொன்ன இடத்தில் நின்றேன். சமாதானத்துக்கு வாத்து தூக்கிப் போகும் கணவன். அந்தக் கையோடு ‘தி டெட்’டை மறுபடி திறந்தால், அங்கேயும் ஒரு கணவன், வாத்துக்கு முன்னால் கத்தியோடு. இரண்டு பேருமே பண்டிகையை ஒழுங்காக நடத்திவிட்டால் வீடு சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள். ஒருவருடைய மனைவியை நாம் பார்ப்பதே இல்லை. இன்னொருவருடைய மனைவி எதிரிலேயே இருக்கிறார், அப்போதும் பார்ப்பதில்லை. கத்தியைப் பார்த்த நேரத்தில் நான் மேசையின் மறுபக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மறுபடி படிக்கும்போது ரப்பர் உறை வரும் இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிரெட்டா சிரிக்கிறாளே, அந்தச் சிரிப்பு வேறு மாதிரி கேட்டது. மூக்குக்கண்ணாடி, இதற்கு உங்களைத் திட்டுவதா நன்றி சொல்வதா தெரியவில்லை.

சிமெனோன் கிடைத்தது, ஒரே மூச்சில் முடித்தேன். பழுப்புத்தாள் சொன்னபடி மெக்ரேயின் மனைவிக்குத் தனிக் கட்டம் போட்டேன். குற்றவாளியை முன்கூட்டியே கண்டுபிடித்தும்விட்டேன், அதாவது சுழித்த பெயர் சரி, ஆனால் அதைப் பற்றி எழுத நினைத்தபோது எழுத ஒன்றும் இல்லை. அந்த அம்மாளின் கட்டத்தில்தான் ஒன்றரைப் பக்கம் இருந்தது. ‘நெடுநல்வாடை’ உரையோடு மேசையில் இருக்கிறது; ஏட்டுச்சுரைக்காய் இரண்டு இரவு என்றார், எனக்கு மந்தியைத் தாண்டவே ஒரு இரவு ஆயிற்று. கொசுறு, உன் புத்தகத்தை ஜூனுக்கு வைத்திருக்கிறேன்.

இப்போது கையில் கீகன். நோட்டை மூடவில்லை. நான்காவதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்: ‘நான் தேவையில்லை என்று நினைத்தது.’ விடியும் முன்னால் மடத்தில் லோடு இறக்கப் போன இடத்தில், வெளியே தாழிட்ட நிலக்கரிக் கொட்டடிக்குள் ஒரு பெண் இருப்பதை ஃபர்லாங் பார்த்துவிட்டார். அவளைக் கன்னியர்களிடம் கொண்டுபோய் விட்டார், தேநீர் குடித்தார், கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் மனைவி, கண்டும் காணாமல் இருந்தால்தான் பிழைக்க முடியும் என்கிற மாதிரி பேசுகிறார். அவர்களுக்கு ஐந்து பெண் குழந்தைகள்.

நேற்று ராத்திரி எழுதியது இது. ஆள்: ஃபர்லாங். எங்கே இருந்தார்: அங்கேயேதான். பொய் சொல்கிறாரா: யாரிடமும் இல்லை, தன்னிடம் மட்டும், அதுவும் இனி ரொம்ப நாள் தாங்காது. தேவையில்லை என்று நினைத்தது: தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருந்தது என்பது.

இன்னும் முப்பது பக்கம் போல இருக்கிறது. யாரும் முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.